கொறங்காட்டின் சாலை ஓரத்துக்குக் கிளுவை வேலி: அளவுக் கல்லில் தொடங்கி மூன்றாம் வருடம் வரை

காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கம் கொறங்காடு வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், நான்கு பக்க வேலியில் தூக்கத்தைக் கெடுப்பது எது என்று. சாலை ஓரத்து வேலி என்றுதான் சொல்வார்கள். மற்ற மூன்று பக்கம் மாடு தாண்டினால் அடுத்த காட்டில் மேய்ந்துகொண்டு நிற்கும். பங்காளி நாலு வார்த்தை பேசுவார், கேட்டுக்கொண்டு ஓட்டி வந்துவிடலாம். சாலைப் பக்கம் தாண்டினால் அடுத்த நிமிடம் எது வரும் என்று யாருக்கும் தெரியாது.

எங்கள் காட்டிலிருந்து ஒரு செவலைக் கிடாரி அப்படிப் போயிற்று. படலைச் சரியாகச் சாத்தாமல் வந்தவன் நான்தான். இரவு பத்து மணிக்கு மேல் ஏதோ ஒரு வண்டி அடித்துவிட்டுப் போய்விட்டது. பின்னங்கால் இரண்டும் உடைந்து, விடியும்வரை அது தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த நேரத்தில் பைக்கில் ஒரு ஆள் வந்திருந்தால் மாட்டோடு போயிருக்காது. அந்த வருடம்தான் சாலை ஓரத்து வேலியை முழுவதும் பிரித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். எங்கள் அப்பாரு சொல்லிக் கொடுத்ததும், பிறகு நான் தப்புச் செய்து கற்றதும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. கொறங்காடு என்பது உழவு இல்லாத மேய்ச்சல் காடு. தரையில் கொழுக்கட்டைப் புல், நடுவில் ஆங்காங்கே வெள்வேல மரம், சுற்றிலும், குச்சியை நட்டால் வேர்விட்டு வளரும் முள்கிளுவைச் செடி வேலி. வருடத்துக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழையை நம்பி இருக்கும் மேட்டுப்பூமியில் காங்கேயம் மாட்டையும் செம்மறியையும் காப்பாற்றி வந்தது இந்த மூன்றும்தான். ஒரு காடு பெரும்பாலும் நாலு ஏக்கர் அளவில் இருக்கும். வேலி சரியாக இருந்தால் மாட்டுக்கு ஆள் வேண்டாம். காலையில் திறந்து விட்டுவிட்டுப் போய்ச் சாயங்காலம் வந்து பார்க்கலாம். ஊரிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி, ஆள் நடமாட்டம் இல்லாத காட்டுக்கு இதுதான் உயிர்நாடி. வேலி கெட்டால் காடும் கெட்டது.

கம்பியா, கிளுவையா

இன்றைக்கு யாரைக் கேட்டாலும் கல்காலும் கம்பியும் போடச் சொல்கிறார்கள். ஒரே வாரத்தில் வேலை முடியும், அது உண்மை. ஆனால் சாலை ஓரத்துக்குக் கம்பியை மட்டும் நம்புவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மாடு கம்பியைப் பார்ப்பதில்லை, கம்பிக்கு அப்பால் இருப்பதைத்தான் பார்க்கிறது. வைகாசிக்குப் பிறகு காட்டுக்குள் புல் சருகாகிவிடும். சாலையோரப் பள்ளத்தில் மட்டும் தண்ணீர் வடிந்து பச்சை கிடக்கும். அதைப் பார்த்துக் கழுத்தை நீட்டும், கம்பி தொய்யும், அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் தொய்யும். முள்கம்பி என்றால் மடி கிழியும், கன்றுக்குக் கண் போகும். கிளுவை வேலி அடர்ந்துவிட்டால் அதற்கு அப்பால் ஒன்று இருப்பதே மாட்டுக்குத் தெரியாது. தெரியாத இடத்துக்குத் தாண்ட மாடு முயற்சி செய்வது குறைவு. ஹாரன் சத்தத்துக்கும் வண்டி வெளிச்சத்துக்கும் மிரள்வதும் குறையும்.

இன்னொன்று, தெருநாய். சில வருடங்களாகக் காங்கேயம், வெள்ளகோவில் வட்டாரத்தில் நாய்க்கூட்டம் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துப் போடுவது பெரிய துயரமாகிவிட்டது. நான்கு வரிசைக் கம்பி நாயை ஒன்றும் செய்யாது, குனிந்து வந்துவிடும். அடிப்பக்கம் நெருக்கமாகப் பிடித்த கிளுவையில் நுழைய அது வழி தேட வேண்டும்.

கிளுவைக்கு ஒரே ஒரு குறை, காலம். மாடு தாங்கும் வேலியாக மூன்று வருடம் ஆகும். அதுவரை சாலையைத் திறந்து போட முடியாது. அதனால் நான் சொல்லும் முறை இரண்டும் கலந்தது: முதலில் தற்காலிகமாக ஒரு கம்பி வேலி, அதன் உள்பக்கமாகக் கிளுவை. கிளுவை தாங்கும் நாளில் கம்பி போய்விடும்.

முதல் வேலை: எல்லை எது

கடப்பாரையைத் தொடுவதற்கு முன்னால் காகிதத்தைப் பாருங்கள். புல வரைபடத்தை அரசின் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். அதில் உங்கள் புல எண்ணுக்குச் சாலைப் பக்கம் எத்தனை மீட்டர் நீளம், எந்த முனையில் கல் என்று இருக்கும். கல் நிற்கிறதா என்று தேடுங்கள். பழைய வேலியின் அடியில் மண் மூடிக் கிடப்பதும் உண்டு, சாலை போட்டபோது பிடுங்கி எறிந்திருப்பதும் உண்டு. கல் இல்லையென்றால் இ-சேவை மையத்தில் பணம் கட்டிச் சர்வேயரை வரவழைத்து அளந்துவிடுங்கள். அளக்கும்போது பக்கத்துக் காட்டுக்காரரையும் கூப்பிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகு தகராறு வந்தால் வேலிக்கு ஓணான் சாட்சி என்கிற கதையாக ஆகிவிடக் கூடாது.

பலர் செய்யும் தப்பு, தார் விளிம்பிலிருந்து இத்தனை அடி என்று அளப்பது. தார் போட்டிருப்பது சாலைக்குரிய நிலத்தின் ஒரு பகுதியில்தான். பள்ளமும் ஓரமும் சேர்ந்ததுதான் சாலை நிலம். அதற்குள் வேலி போட்டால் 1905-ஆம் வருடத்து நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து எடுத்துவிடலாம். அப்போது மூன்று வருடம் வளர்ந்த கிளுவை வேரோடு போகும்.

எல்லைக் கல் கிடைத்தாலும் அதன்மேலேயே நடாதீர்கள். மூன்று அடி உள்ளே வாருங்கள். வளர்ந்த கிளுவை இரண்டு பக்கமும் விரியும். நான் முதல் தடவை கல்லை ஒட்டி நட்டேன். சாலை ஓரம் சுத்தம் செய்ய வந்த பொக்லைன், சாலைப் பக்கம் நீட்டியிருந்த கிளைகளை இழுத்தபோது நாற்பது அடி வேலி தூரோடு சாய்ந்தது. கேட்டதற்கு, கிளை எங்கள் பக்கம் இருந்தது என்றார்கள். அது சரிதான். மூன்று அடியை விட்டுக்கொடுத்தால் நாலு ஏக்கரில் இழப்பது மூன்று சென்டுக்கும் குறைவு.

உங்கள் சாலை முன்பு இட்டேரியாக இருந்ததா என்றும் விசாரியுங்கள். இரண்டு பக்கமும் உயிர்வேலியோடு வண்டி போன பாதைகள்தான் இப்போது பல இடங்களில் தார்ச்சாலையாக இருக்கின்றன. அப்படி ஒரு துண்டு பழைய வேலி உங்கள் பக்கம் மிஞ்சியிருந்தால் தயவுசெய்து அதைப் பிடுங்காதீர்கள். பிரண்டை, கோவைக்கொடி, வேலிப்பருத்தி, முடக்கத்தான் என்று அதில் ஏறிக்கிடக்கும் கொடிகளும், அடியில் குடியிருக்கும் கௌதாரியும் கீரியும் உடும்பும் பல வருடம் கழித்து வந்து சேர்ந்தவை. அதன் இரண்டு முனையிலும் உங்கள் புது வேலியை ஒட்டிவிடுங்கள்.

தண்ணீர் போகும் வழி

ஒரு மழை நாளில் சாலையோரம் நடந்து பாருங்கள். சாலையைப் புதுப்பிக்கும்போதெல்லாம் மட்டம் ஏறிக்கொண்டே போகிறது. அதனால் சாலைத் தண்ணீர் காட்டுக்குள் பாயும். தரைப்பாலமோ குழாயோ எங்கே இருக்கிறதோ அங்கே வேகம் அதிகம். அந்த இடத்தில் மண்கரை எடுத்து அடைத்தால் முதல் ஐப்பசி மழையிலேயே கரை உடைந்து, ஒரு ஆள் புகும் ஓட்டை விழும். தண்ணீர் வழியில் இரண்டு கல்காலை நட்டு, நடுவில் கல் அடுக்கி, கல்லுக்கு மேல் குறுக்கே கம்பு கட்டிவிடுங்கள். தண்ணீர் போகும், ஆடு போகாது. மழை முடிந்ததும் கல் இடுக்கில் சேரும் குப்பையை எடுக்க வேண்டும்.

மட்டம் ஏறிய சாலையால் இன்னொரு தொந்தரவும் உண்டு. காட்டிலிருந்து பார்த்தால் ஐந்து அடி இருக்கும் வேலி, சாலையில் நின்று பார்த்தால் மூன்று அடியாகத் தெரியும். சாலையில் போகும் பிற மாடுகள் உள்ளே எளிதாகக் குதித்துவிடும். சாலை உயர்ந்திருக்கும் இடத்தில் வேலி உயரத்தைச் சாலை மட்டத்திலிருந்து கணக்கிடுங்கள்.

கடவு: எங்கே, எப்படி

வேலியை விட யோசிக்க வேண்டியது கடவைத்தான், அதாவது காட்டுக்குள் நுழையும் வழியை. மாடு சாலைக்கு வருவது பெரும்பாலும் வேலியை உடைத்தல்ல, திறந்திருந்த படல் வழியாக.

கடவு மூலையில் இருப்பது நல்லது. மாட்டை வேலியோரமாக ஓட்டி வந்தால் அது தானாக மூலைக்கு வந்து சேரும். வேலியின் நடுவில் கடவு வைத்தால் தாண்டி ஓடிவிடும், ஒற்றை ஆளால் திருப்ப முடியாது. சாலை வளைவிலும் ஏற்றத்தின் உச்சியிலும் வேண்டாம். இரண்டு பக்கமும் வண்டி வருவது தெரிகிற நேர்ச் சாலையில் உள்ள மூலையைத் தேர்ந்தெடுங்கள். வளைவில் உங்கள் காடு இருந்தால் அந்த இடத்தில் கிளுவையை மூன்றடிக்கு மேல் வளர விடாதீர்கள், எதிரே வரும் வண்டி தெரிய வேண்டும். உயரம் குறைந்த அந்தத் துண்டுக்கு மட்டும் கம்பியை நிரந்தரமாக விட்டுவிடலாம்.

படலை வேலி வரிசையிலேயே வைக்காமல் முப்பது அடி உள்ளே தள்ளி வையுங்கள். டிராக்டரும் டிரெய்லரும், இல்லையென்றால் மாடு ஏற்ற வரும் மினி லாரியும், சாலையை விட்டு முழுதாக இறங்கி நின்ற பிறகு நீங்கள் இறங்கிப் படலைத் திறக்க இடம் வேண்டும். அதுவரை வண்டியின் பின்பாதி தாரில் நின்றால் ஆபத்து. அகலம் பன்னிரண்டு அடி. படல் உள்பக்கம்தான் திறக்க வேண்டும், மாடு முட்டும்போது திறக்காமல் கல்காலில் அண்டி நிற்கிற மாதிரி கல்காலின் உள்முகத்தில் ஒரு தடுப்பு வைத்துவிடுங்கள்.

மூங்கில் படலோ இரும்புக் கேட்டோ, உங்கள் வசதி. நான் பழைய முறையையும் சேர்த்து வைத்திருக்கிறேன்: துளை போட்ட இரண்டு கல்கால், அவற்றில் நுழைத்து இழுக்கும் மூன்று உழலை மரம். படல் திறந்து கிடந்தாலும் உழலை குறுக்கே இருக்கும். கிடாரி போன பிறகு வந்த பழக்கம் இது. இரண்டில் ஒன்றை மறந்தாலும் இன்னொன்று காக்கும்.

பக்கத்தில் ஆள் நுழைய ஒரு சந்து விடுங்கள். கோயிலுக்கும் குறுக்கு வழிக்கும் உங்கள் காட்டு வழியாக நடந்து பழகியவர்கள் இருப்பார்கள். வழியை அடைத்தால் வேலியைப் பிரித்துக்கொண்டு போவார்கள், பிரித்த இடத்தை யாரும் அடைக்க மாட்டார்கள். இரண்டு கல்லை ஒரு அடி இடைவெளியில் நட்டு, அடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகைக் கல்லைக் குறுக்கே வைத்தால் மனிதர் காலைத் தூக்கிப் போவார், மாடு நுழையாது. ஆடு வைத்திருப்பவர்கள் அந்தக் கல்லை இடுப்பு உயரத்துக்கு ஏற்றி, ஏற இரண்டு படிக்கல் போட்டுவிடுங்கள்.

தற்காலிகக் கம்பி

எல்லைக் கல்லிலிருந்து ஒன்றரை அடி உள்ளே கல்கால் வரிசை. ஏழு அடிக் கல்காலை இரண்டு அடி ஆழத்தில், பத்து அடிக்கு ஒன்றாக நடுங்கள். இரண்டு முனையிலும் கடவின் பக்கமும் முட்டுக்கல் சாய்த்துக் கொடுக்காவிட்டால் கம்பியை இழுக்கும்போதே முனைக்கல் உள்ளே சாய்ந்துவிடும். முள் இல்லாத கம்பி நான்கு வரிசை போதும். கீழ்வரிசை தரையிலிருந்து ஒரு சாண், மேல்வரிசை நாலரை அடி. ஆடு அதிகம் என்றால் கீழ்ப்பாதிக்கு மட்டும் முடிச்சுக் கம்பி வலை கட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டு விஷயத்தில் விளையாடவே கூடாது. மின்கம்பத்திலோ அதன் ஸ்டே கம்பியிலோ வேலிக் கம்பியைக் கட்டாதீர்கள். மழை நாளில் எங்கோ ஒரு பீங்கான் உடைந்தால் உங்கள் வேலி முழுக்க மின்சாரம் பாயும், சாலையில் போகிறவர் தொட்டாலும் உயிர் போகும். மின் லைனிலிருந்து நேரடியாக வேலிக்கு மின்சாரம் கொடுப்பது குற்றம். கொலைக்குக் குழி வெட்டி வைப்பது மாதிரிதான் அது.

கிளுவைப் போத்து வெட்டுவது

நடுவதற்காக வெட்டும் கிளுவைக் குச்சிதான் போத்து. சாலை ஓரம் மட்டும் என்றால் எவ்வளவு போத்து வேண்டும்? நாலு ஏக்கர் காடு சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறத்தாழ 420 அடி. சாணுக்கு ஒன்று நட்டால் ஒரு வரிசைக்கு 560. சாலை ஓரத்துக்கு இரண்டு வரிசை வேண்டும், அதனால் 1,120. பட்டுப்போவதற்கும் சேர்த்து 1,300 வெட்டிக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்தில் வேலி கவாத்துச் செய்கிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் அவர்கள் வெட்டித் தள்ளுவதே போதும். வண்டிக்கூலிதான் செலவு.

கோடையில் கிளுவை இலையை உதிர்த்துவிட்டு மொட்டைக் குச்சியாக நிற்கும், செத்துவிட்டது என்றே தோன்றும். துளிர் முட்டும் முன், பங்குனி கடைசியில் வெட்டுவது சிறப்பு. கட்டைவிரல் பருமனிலிருந்து மணிக்கட்டுப் பருமன் வரை எடுங்கள். அதைவிடச் சிறியது வெயிலில் சுருங்கிவிடும், மிகவும் முற்றியது வேர்விடத் தாமதிக்கும். நீளம் நாலு அடி.

இங்கே ஒரு சின்ன வேலை இருக்கிறது, விட்டுவிடாதீர்கள். அடிப்பக்கத்தைச் சாய்வாகவும் தலைப்பக்கத்தை நேராகவும் வெட்டுங்கள். வெட்டிக் குவித்த கிளுவையில் எது அடி, எது தலை என்று தெரியாது. என் பன்னிரண்டு வயதில் ஒரு கட்டு முழுவதையும் நட்டு முடித்து நிமிர்ந்தேன். அப்பாரு வந்து பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, பாதிப் போத்தத் தலகீழா நட்டுப்புட்டயே, அதுக்கு மூச்சு முட்டாதா?" என்றார். திட்டவில்லை. எல்லாவற்றையும் பிடுங்கித் திருப்பி நட வைத்தார். முள் கணு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று விரலால் தடவிப் பார்க்க அன்றைக்குத்தான் கற்றேன்.

வெட்டிய வாயில் பிசின் முத்து முத்தாகத் திரளும், கை முழுக்க ஒரு வாசம் ஒட்டும், சோப்புப் போட்டாலும் சாயங்காலம் வரை போகாது. அந்தப் பிசின் காயட்டும். கட்டாகக் கட்டி வேலாமர நிழலில் ஒரு வாரம் நிறுத்தி வையுங்கள். வெட்டிய உடனே ஈர மண்ணில் செருகினால் அடி அழுகுவது அதிகம்.

நடும் காலம்

காற்றைப் பார்த்து நட வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஆனி, ஆடியில் நம் காட்டை உலுக்கும். மூலனூர், தாராபுரம் பக்கம் காற்றாலைகள் நிற்பதே அதனால்தான். அந்தக் காற்றில் புதுப்போத்து ஆடிக்கொண்டே இருந்தால் விட்ட நூல்வேர் அறுந்துவிடும். மழையும் அப்போது இருக்காது.

ஆகவே இரண்டு பருவம். தண்ணீர் ஊற்ற வசதி உள்ளவர்கள் சித்திரையில் முதல் கோடை மழை விழுந்ததும் நடலாம். ஆடி முடியும்வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை டேங்கர் விட வேண்டும், போத்து ஆடாமல் குறுக்கே பிணைக்கும் மூங்கில் வரிச்சும் உடனே கட்ட வேண்டும். வசதி இல்லாதவர்கள் ஆடிக்காற்று அடங்கியபின் புரட்டாசியில் நடுங்கள். அடுத்து ஐப்பசி, கார்த்திகை மழை இருக்கிறது. அப்போது வெட்டும் போத்தில் இலை இருந்தால் எல்லாவற்றையும் உருவிவிடுங்கள். தொலைவில் இருக்கும் காட்டுக்கு என் தேர்வு புரட்டாசிதான்.

மண்கரையும் நடவும்

கம்பியிலிருந்து ஒன்றரை அடி உள்ளே, கயிறு பிடித்து, இரண்டடி அகலத்துக்கு ஒரு மண்கரை எடுங்கள். கரைக்கு வேண்டிய மண்ணைக் காட்டுப் பக்கத்திலிருந்து வெட்டுங்கள், அங்கே ஒரு அடிப் பள்ளம் விழும். அந்தப் பள்ளம் இரண்டு வேலை செய்யும்: மழைத் தண்ணீர் அதில் தேங்கிக் கரையை நனைக்கும், மாடு கிளுவை அருகில் வந்து உரசாமல் தள்ளி நிறுத்தும். சாலைப் பக்கம் பள்ளம் வெட்டாதீர்கள், அது சாலையின் ஓரத்தை அரிக்கும்.

கரையில் ஒரு அடி இடைவெளியில் இரண்டு வரிசை. முதல் வரிசையில் இரண்டு போத்துக்கு நடுவே தெரியும் சந்துக்கு நேராக இரண்டாம் வரிசைப் போத்து வர வேண்டும். போத்தை வைத்துச் சுத்தியால் அடிக்கக் கூடாது, பட்டை பிளந்துவிடும். கடப்பாரையால் ஒரு அடி ஆழத்துக்குத் துளை போட்டு, போத்தை இறக்கி, குதிகாலால் மண்ணை மிதியுங்கள். மிதித்தபின் போத்தைப் பிடித்து இழுத்தால் வரக் கூடாது. அடியில் காற்று இருந்தால் வேர் வராது. அப்பாரு ஒவ்வொன்றையும் இரண்டு விரலால் இழுத்துப் பார்த்துக்கொண்டே பின்னால் வருவார், வந்தது கையோடு வரும்.

வரிசையை நேராகக் குத்துங்கள், ஆனால் உள்வரிசையை வலப்பக்கமும் வெளிவரிசையை இடப்பக்கமும் சற்றே சாய்த்து நடுங்கள். கிளை விடும்போது ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்.

நட்ட அன்றே வரிச்சு கட்ட வேண்டும். மூங்கில் பிளாச்சை தரையிலிருந்து ஒன்றரை அடியில் ஒன்று, மூன்று அடிக்குச் சற்றுக் கீழே ஒன்று என இரண்டு வரிசையாக வைத்துப் போத்துகளைப் பனைநாரால் பிணையுங்கள். கட்டுக்கம்பி வேண்டாம். போத்து பருக்கும்போது கம்பி பட்டைக்குள் இறங்கிக் கழுத்தை அறுக்கும். பனைநார் இரண்டு வருடத்தில் தானே இற்றுப்போகும், அதற்குள் அதன் வேலை முடிந்திருக்கும்.

கடைசியாக, காட்டுப் பக்கம் வேலாமுள்ளும் இலந்தை முள்ளும் வெட்டிக் கவைக்கோலால் தள்ளி அடையுங்கள். கிளுவைத் துளிர் வெள்ளாட்டுக்கு மிட்டாய் மாதிரி. முதல் வருடம் ஒருமுறை ஆடு புகுந்து துளிரைக் கடித்தால் அந்த இடம் அடுத்த மழை வரை மொட்டைதான்.

சீக்கிரம் அடைபட வேண்டும் என்று சீமைக்கருவேலத்தை வேலியாக விடுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். நெற்றைத் தின்ற மாடு சாணி போடுகிற இடமெல்லாம் அது முளைக்கும், பத்து வருடத்தில் கொழுக்கட்டைப் புல் இருக்காது.

சாலை கொண்டுவரும் தீயும் குப்பையும்

மற்ற மூன்று வேலிக்கு இல்லாத வேலை இது. மாசி முதல் சித்திரை வரை கொழுக்கட்டைப் புல் காய்ந்து தாள் போலக் கிடக்கும். போகிற போக்கில் யாரோ எறிந்த பீடித்துண்டு போதும், அரை மணி நேரத்தில் காடு கருகிவிடும், வேலாமரங்களும் வெந்துபோகும். தை கடைசியில் வேலிப் பள்ளத்துக்கு உள்பக்கமாக ஆறு அடி அகலத்துக்கு ஒரு உழவு ஓட்டி மண்ணைத் திருப்பிவிடுங்கள். சாலைப் பக்கம் உள்ள காய்ந்த புல்லை அறுத்து மாட்டுக்குப் போட்டுவிடுங்கள். இந்த ஒரு உழவை நான் எந்த வருடமும் தவறவிடுவதில்லை.

பிளாஸ்டிக் பையும் உடைந்த பாட்டிலும் வாரம் ஒருமுறை பொறுக்க வேண்டும். சோறு ஒட்டிய பையை மாடு அப்படியே விழுங்கும். பாட்டில் சில்லு குளம்பு இடுக்கில் ஏறினால் பத்து நாள் மாடு நொண்டும். வேலி அடர்ந்தபின் பாதிக் குப்பை கிளுவையிலேயே தங்கிவிடும், பொறுக்குவது எளிது.

தண்ணீர்த் தொட்டியைச் சாலைக்கு எதிர்ப்பக்கம், காட்டின் கோடியில் வையுங்கள். நிழல் மரமும் அங்கே அதிகமாக இருந்தால் மாடு நாள் முழுவதும் சாலையை விட்டுத் தள்ளியே படுத்திருக்கும். கடவுக் கல்காலுக்குச் சுண்ணாம்பு அடித்து, ஒளி பட்டால் மின்னும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுங்கள், இரவில் வரும் வண்டிக்குத் தெரியட்டும்.

மூன்று வருடம்

முதல் வருடம் எதையும் வெட்டாதீர்கள். எது துளிர்க்கவில்லை என்று தை மாதம் நகத்தால் கீறிப் பாருங்கள். பச்சை தெரிந்தால் விட்டுவிடுங்கள், பழுப்பாக இருந்தால் பிடுங்கி மறு போத்து நடுங்கள். பத்தில் ஒன்றிரண்டு போவது இயல்பு. தொடர்ந்து ஏழெட்டுப் போயிருந்தால் அங்கே தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம், கரையை உயர்த்துங்கள்.

இரண்டாம் வருடம் கோடையில், தலையை மூன்று அடியில் நேராக வெட்டுங்கள். மனம் வராது, இவ்வளவு வளர்ந்ததை வெட்டுவதா என்று. வெட்டாவிட்டால் கிளுவை மேலே ஓடிக் கீழே காலாக நிற்கும், ஆட்டுக்குட்டி வரிசையாக வெளியே போகும். வெட்டினால் அடியிலிருந்து கிளைக்கும். பக்கவாட்டில் நீளும் கிளையை வெட்டாமல் பக்கத்துப் போத்துக்குள் மடக்கிச் செருகுங்கள்.

மூன்றாம் வருடம் நாலரை அடியில் வெட்டி நிறுத்துங்கள். வெட்டியதில் பருத்தது அடுத்த வேலிக்குப் போத்து, மெலிந்தது சந்து அடைக்க, இலை ஆட்டுக்கு. ஒன்றும் வீண் போகாது.

ஓட்டை பார்க்க ஒரு வழி சொல்கிறேன். சாலை மேற்குப் பக்கம் இருந்தால் சாயங்காலம், கிழக்குப் பக்கம் இருந்தால் விடிகாலை, காட்டுக்குள் குத்தவைத்து உட்கார்ந்து வேலியைப் பாருங்கள். சூரியன் வேலிக்குப் பின்னால் தாழ்ந்து நிற்கும். முழங்காலுக்குக் கீழே எங்கே வெளிச்சம் துண்டு துண்டாக உள்ளே விழுகிறதோ அங்கேதான் ஓட்டை. நின்றுகொண்டு பார்த்தால் அது தெரியாது, ஆட்டின் கண் இருக்கும் உயரத்துக்கு நீங்கள் இறங்க வேண்டும். குட்டியின் தலை நுழையும் அளவு இருந்தால் உடம்பும் நுழையும். ஒவ்வொரு இடத்திலும் ஒரு குச்சியைக் குத்திவிட்டு வாருங்கள், மறுநாள் காலையில் முள்ளோடு போய் அடைத்துவிடலாம்.

மூன்றாம் வருட மார்கழியில் இப்படிப் பார்க்கும்போது வெளிச்சம் எங்கும் விழவில்லையென்றால் கம்பியைக் கழற்றிவிடலாம். மேல்வரிசையை முதலில் எடுங்கள், ஒரு மாதம் மாடு எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள், பிறகு மற்றவை. கிளுவைக்கிளை கம்பியைச் சுற்றி வளர்ந்திருக்கும் இடத்தில் இழுக்காமல் இரண்டு பக்கமும் வெட்டி விட்டுவிடுங்கள். கல்கால் அங்கேயே நிற்கட்டும், கொடி ஏறும். கம்பியைச் சுருட்டி வையுங்கள், தெற்குப் பக்கத்து வேலிக்கு அடுத்த புரட்டாசியில் அது வேண்டியிருக்கும்.